அணைத்துப் பார்... கூட்டிப் பார்!

ராயபுரத்தில் ஒரு வீடு. சாயங்காலம் ஆறரை மணி. வீட்டம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, சுவிட்சைத் தட்டி ட்யூப் லைட்டையும் போடுகிறார். பளிச்!

அந்த வெளிச்சம் எந்த ஊர் மின்சாரம் சொல்லுங்கள் பார்ப்போம்.

‘இதென்ன பெரிய கேள்வி? பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து வருகிறது’ என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அதே கம்பி வலையில் கல்பாக்கத்து அணு உலையும் இணைந்திருக்கிறது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி இருக்கிறது. மேட்டூர் தண்ணீர், குந்தா தண்ணீர், ஆரல்வாய்மொழிக் காற்று எல்லாம் இருக்கின்றன. 2013 டிசம்பர் 31-ம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் மூலமாகத் தென்னக மின்வலையையும் வடக்கத்தி மின்வலையையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே வலை. எல்லா ஊர் மின்சாரமும் ஒரே கம்பியில்தான் வந்து இறங்குகிறது. எந்த எலெக்ட்ரான் நெற்றியிலும் ஊர் பேர் ஒட்டியிருப்பதில்லை.

அப்படியானால் யார் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்த பையனைக் கேளுங்கள். ‘சூப்பர்பொசிஷன் தியரம் சார்’ என்பான். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் மேற்பொருந்துதல். பெயர்தான் பயமுறுத்துகிறது. விஷயம் இரண்டே வரி. பல பேர் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் அணைத்துவிட்டு, அந்த ஒருவரின் பங்கை மட்டும் அளந்துகொள். இப்படியே ஒவ்வொருவருக்கும் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டு. அவ்வளவுதான்.

பரீட்சையில் எட்டு மார்க் கணக்காக வந்து போகிற இந்தச் சமாசாரத்துக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார். ஒரு தவளை இருக்கிறது. நம் வடசென்னையும் இருக்கிறது.

*

டாக்டர் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

ஜெர்மானியர்களின் பிரஷ்ய ராஜ்யத்தில், பால்டிக் கடல் பக்கம் கோனிக்ஸ்பெர்க் என்று ஒரு துறைமுக ஊர். இன்றைக்கு அது ரஷ்யாவிடம் இருக்கிறது. பெயர் கலினின்கிராட். 1845-ல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கிர்க்காஃப் என்ற 21 வயது மாணவர், மின்சாரம் பல வழிகளாகப் பிரியும்போது எப்படிப் பிரியும் என்பதற்கு இரண்டு விதிகள் எழுதினார். ஒரு சந்திப்பில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும் என்பது முதல் விதி. இன்றைக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகளைப் படுத்துகிற விதிகள்.

நாலு வருஷம் கழித்து, 1849-ல், அதே பல்கலைக்கழகத்துக்கு உடலியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்கு முன்பு ராணுவத்தில் டாக்டர். மனுஷனுக்கு எதையும் அளந்து பார்த்தாக வேண்டும். தவளைக் காலை வைத்துக்கொண்டு, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தார். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்! ‘நினைத்த மாத்திரத்தில் கை அசைகிறது, அந்த வேகத்தை அளக்கவே முடியாது’ என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அவருடைய நண்பர் டு புவா-ரேமோன், தசைகளில் ஊறும் மின்சாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு சிக்கல். தசைக்குள் குட்டிக் குட்டியாக ஏகப்பட்ட மின்சார ஊற்றுகள். நாம் கம்பியை வைத்து அளப்பதோ வெளியிலிருந்து, ஒன்றிரண்டு இடங்களில். உள்ளே இருக்கும் அத்தனை ஊற்றும் சேர்ந்து வெளியே காட்டுவது இந்த ஒரு எண்ணைத்தான். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

1853-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கட்டுரை வெளியிட்டார். ஒவ்வொரு ஊற்றும் தனியாக இருந்தால் ஓர் இடத்தில் என்ன விளைவு உண்டாகுமோ, அதையெல்லாம் கூட்டினால் எல்லா ஊற்றும் சேர்ந்திருக்கும்போது உண்டாகும் விளைவு வந்துவிடும் என்றார். மின்சாரத்துக்கான மேற்பொருந்துதல் தத்துவம் இதுதான். அதே கட்டுரையில் இன்னொரு தேற்றத்தையும் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். 30 வருஷம் கழித்து 1883-ல், தெவனின் என்ற ஃபிரெஞ்சுத் தந்தி இன்ஜினீயர் அதைத் தானாகவே கண்டுபிடித்தார். உலகம் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டது. டாக்டர் எழுதியதை இன்ஜினீயர்கள் படிக்கவில்லை!

*

சரி, கணக்குக்கு வருவோம். பேனாவை எடுங்கள். பயப்பட வேண்டாம், நானும் பி.காம்.தான். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

நடுவில் ஒரு ஹீட்டர் கம்பி. அதன் தடை 2 ஓம். இடது பக்கம் 16 வோல்ட் பேட்டரி, வலது பக்கம் 8 வோல்ட் பேட்டரி. இரண்டு பேட்டரியும் தலா 4 ஓம் தடையுள்ள கம்பி வழியாக ஹீட்டருக்கு மின்சாரம் அனுப்புகின்றன. ஹீட்டரில் எத்தனை ஆம்பியர் ஓடும்?

முதலில் வலது பேட்டரியை அணையுங்கள். இங்கேதான் பையன்கள் கோட்டை விடுவார்கள். அணைப்பது என்றால் பேட்டரியைப் பிடுங்கி வீசிவிட்டுப் பள்ளமாக விடுவதல்ல. பேட்டரி இருந்த இடத்தில் ஒரு வெறும் கம்பியை வைத்து இணைக்க வேண்டும். கடைக்காரர் லீவு போட்டுவிட்டார், ஆனால் கடைக்கு முன்னால் போகும் தெரு திறந்தேதான் இருக்கிறது. அதில் ஆட்கள் போவார்கள், வருவார்கள். அந்த மாதிரி. (வோல்ட் கொடுக்கும் பேட்டரிக்குத்தான் இப்படி. ‘என்ன ஆனாலும் இத்தனை ஆம்பியர் அனுப்பியே தீருவேன்’ என்கிற ரக மூலமாக இருந்தால், அங்கே மட்டும் கம்பியைத் துண்டித்துவிட வேண்டும்.)

இடது பேட்டரி மட்டும் உயிரோடு இருக்கும்போது, அதிலிருந்து 3 ஆம்பியர் கிளம்புகிறது. நடுவில் வந்து பிரிகிறது. 2 ஆம்பியர் ஹீட்டர் வழியாகவும், 1 ஆம்பியர் வலது பக்கத் தெரு வழியாகவும் போகிறது.

இப்போது இடதை அணைத்து, வலதை எழுப்புங்கள். வோல்ட் பாதிதானே? எல்லாமே பாதி. 1.5 ஆம்பியர் கிளம்பி, ஹீட்டருக்கு 1, இடது பக்கத்துக்கு அரை.

இனி கூட்டல். ஹீட்டரில் 2-ம் 1-ம் சேர்ந்து 3 ஆம்பியர். முடிந்தது!

வலது பேட்டரியைப் பாருங்கள். அது தன் பங்குக்கு 1.5 ஆம்பியரை வெளியே அனுப்பியது. இடது பேட்டரியோ இதற்குள் 1 ஆம்பியரை எதிர்த்திசையில் திணித்தது. எதிரும் புதிருமாக வந்தால் கழிக்க வேண்டும். மிச்சம் அரை ஆம்பியர்தான் வெளியே போகிறது. பேரேட்டில் பற்று, வரவு போட்டு பாக்கி எடுப்பது மாதிரிதான். திசையைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் வரவில் எழுதினால் கணக்கு டேலி ஆகாது.

இந்தக் குட்டிப் படத்தைப் பெரிதாக்கி, பேட்டரிகளுக்குப் பதில் புகைபோக்கிகளை நிறுத்துங்கள். வடசென்னை வந்துவிடும்.

*

சென்னைக்கு மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டது. 1895-லேயே இங்கே எலெக்ட்ரிக் டிராம் ஓடியது. ஊருக்கு விளக்கு கொடுக்க மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி வந்தது. அதன் பவர் ஹவுஸ் ராயபுரத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில், பேசின் பிரிட்ஜில் இருந்தது. நிலக்கரியை எரித்து நீராவி, நீராவியில் மின்சாரம். அது ஒரு தனித் தீவு. ஒரு பவர் ஹவுஸ், ஒரு ஊர். யார் கொடுத்த கரண்ட் என்ற கேள்விக்கே இடமில்லை.

அந்தப் பக்கம் நீலகிரியில் வேறு கதை நடந்தது. 1932-ல் பைக்காரா. சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்கள் பிழைத்துக்கொண்டன. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். இவையும் முதலில் தனித்தனித் தீவுகளாகக் கிளம்பி, பிற்பாடு கம்பியால் கைகோத்தவை. 1947-ல் சென்னைக் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1957-ல் மின்சார வாரியம் பிறந்தது, அதாவது நம்ம ‘ஈ.பி.’ மலைத் தண்ணீரும் பேசின் பிரிட்ஜ் நிலக்கரியும் ஒரே வலைக்குள் வந்தன.

1962-ல் நெய்வேலி. அடுத்து, 1970-லிருந்து 1975-க்குள் எண்ணூரில் ஐந்து யூனிட்டுகள். 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று. மொத்தம் 450 மெகாவாட். திருவொற்றியூரைத் தாண்டினாலே கண்ணில் படும் புகைபோக்கிகள் அவைதான். 1994-லிருந்து 1996-க்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், 210 மெகாவாட்டில் மூன்று யூனிட். 1996-ல் பழைய பேசின் பிரிட்ஜிலேயே 120 மெகாவாட்டுக்கு கேஸ் டர்பைன்கள். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். இப்போது அதற்குக் காமராஜர் பெயர். பிறகு வள்ளூரில் மத்திய, மாநில அரசுகள் கூட்டாக 500 மெகாவாட்டில் மூன்று யூனிட். வடசென்னையின் இரண்டாம் கட்டமாக 600 மெகாவாட்டில் இரண்டு. 2024-ல் மூன்றாம் கட்டமாக ஒரே யூனிட்டில் 800 மெகாவாட்.

எண்ணூர்ப் பழைய நிலையத்தை 2017 மார்ச் 31-ம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதை விட்டுவிட்டு, அத்திப்பட்டு - வள்ளூர்க் கணக்கை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒன்பது யூனிட், 4,130 மெகாவாட். எல்லாம் சில கிலோமீட்டருக்குள்.

இத்தனை நிலையங்கள் அருகருகே வரும்போது ஈ.பி. இன்ஜினீயருக்கு ஒரு பயம் உண்டு. ஷார்ட் சர்க்யூட்!

துணை மின்நிலையத்தில் ஏதோ ஒரு லைன் அறுந்து தரையில் விழுகிறது என்று வையுங்கள். அந்த இடத்தை நோக்கி நாலா பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாய்ந்து வரும். பக்கத்தில் இருக்கும் நிலையம் நிறையக் கொட்டும், தூரத்தில் இருப்பது கொஞ்சம் கொட்டும். அதைத் தடுத்து நிறுத்த சர்க்யூட் பிரேக்கர் இருக்கிறது. நம் வீட்டு மின்விசிறி சுமார் அரை ஆம்பியர்கூட இழுக்காது. பெரிய துணை மின்நிலைய பிரேக்கர்கள் 40 ஆயிரம், 63 ஆயிரம் ஆம்பியரை அறுக்க வேண்டியவை. எத்தனை ஆயிரத்துக்கு வாங்குவது என்று முடிவு செய்ய, இன்ஜினீயர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். முதல் நிலையம் எவ்வளவு கொட்டும்? எழுதிக்கொள். இரண்டாவது எவ்வளவு? எழுதிக்கொள். கடைசியில் கூட்டு. எல்லாம் ஹெல்ம்ஹோல்ட்ஸ் டாக்டரின் வழிதான். 1918-ல் ஃபார்ட்டெஸ்க்யூ என்ற இன்ஜினீயர், மூன்று ஃபேஸும் கன்னாபின்னாவென்று ஓடும்போது அதை ஒழுங்கான மூன்று தொகுதிகளாகப் பிரித்துக் கணக்குப் போட ஒரு வழி சொன்னார். அதற்கும் அஸ்திவாரம் இதே தத்துவம்தான்.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று. ‘ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக அனுப்பும் கரண்டை இந்த பிரேக்கர் தாங்கும்’ என்று எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போட மாட்டார். கூட்டுத்தொகையைத் தாங்குமா என்றுதான் பார்ப்பார். புதிதாக ஒரு நிலையம் பக்கத்தில் வந்தால், பழைய பிரேக்கர் போதுமா என்று மறுபடியும் கூட்டுவார். கூட்டாமல் விட்டால் பிரேக்கர் வெடிக்கும். யாரும் தப்பிக்க முடியாத பாடம்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

*

தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தள்ளுவதை இரண்டு மடங்காக்கினால் ஓட்டமும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். கம்பி, ஹீட்டர் எல்லாம் கிட்டத்தட்ட இப்படி நடந்துகொள்ளும் நல்ல பிள்ளைகள். டயோடு, எல்.இ.டி., ஏன், ஆரம்பத்தில் பார்த்த ராயபுரத்து ட்யூப் லைட்கூட இதற்கு முழுசாகக் கட்டுப்படாது. அதனால்தான் ஹீட்டர் கம்பியை வைத்துக் கணக்குப் போட்டோம்.

ஆனால் நல்ல பிள்ளையான ஹீட்டரிடமும் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

அதன் சூட்டைக் கணக்கிடுங்கள். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால் வாட். இடது பேட்டரி தனியாக இருந்தபோது 2 ஆம்பியர்: இரண்டு இரண்டு நாலு, இன்னொரு இரண்டால் பெருக்க 8 வாட். வலது தனியாக இருந்தபோது 1 ஆம்பியர்: 2 வாட். கூட்டினால் 10 வாட் வர வேண்டும். வருகிறதா? சேர்ந்து ஓடும்போது 3 ஆம்பியர். மூன்று மூன்று ஒன்பது, இரண்டால் பெருக்க 18 வாட்!

மிச்சம் 8 வாட் எங்கிருந்து வந்தது?

ஒன்றும் மாயமில்லை. இரண்டு பேட்டரியும் தான் இழைத்து இழைத்துக் கொடுத்த சக்திதான். ஆனால் அந்த 8 வாட்டை யார் பேரில் எழுதுவது? இடதா, வலதா? இடது தனியாக இருந்தால் அது கிடையாது. வலது தனியாக இருந்தாலும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அங்கே இருப்பதால் மட்டுமே உண்டாகும் 8 வாட் அது. ஒரு பேட்டரியைத் திருப்பி மாட்டினால் இன்னும் வேடிக்கை. 2-லிருந்து 1 கழிந்து 1 ஆம்பியர்தான் ஓடும், சூடு வெறும் 2 வாட்டுக்கு இறங்கிவிடும். ஆக, கரண்டைக் கூட்டலாம், வோல்ட்டைக் கூட்டலாம், சூட்டை மட்டும் இப்படிப் பிரித்துப் பிரித்துக் கூட்டக் கூடாது. பாடப் புத்தகங்களில் இந்தத் தேற்றத்துக்குக் கீழே தவறாமல் வரும் எச்சரிக்கை இது.

புரியவில்லையா? உங்கள் வீட்டு ஈ.பி. அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுகள் நேர்கோட்டில் போகும். இந்த வீட்டில் 250, அந்த வீட்டில் 250, மொத்தம் 500. அதில் தகராறு இல்லை. ஆனால் பில் நேர்கோட்டில் போகாது. முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக ரேட் ஏறும். இரண்டு மீட்டரில் 250, 250 ஓடினால் ஒரு தொகை. ஒரே மீட்டரில் 500 ஓடினால் வேறு தொகை, கூடுதலான தொகை. மாடி கட்டியவர்கள் ‘மேலே தனி மீட்டர் வாங்கிடுங்க சார்’ என்று ஏன் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள்? சூப்பர்பொசிஷன் யூனிட்டுக்குப் பொருந்தும், பில்லுக்குப் பொருந்தாது என்பது ஜனங்களுக்கு அனுபவத்தில் தெரியும். பெயர்தான் தெரியாது!

‘யார் பேரில் எழுதுவது’ என்பது வெறும் வகுப்பறைக் கேள்வியும் இல்லை. பணம் புழங்கும் கேள்வி. ஒரு மாநிலத்தில் உற்பத்தியாகி இன்னொரு மாநிலத்துக்குப் போகும் மின்சாரம், வழியில் எந்தக் கம்பியை எவ்வளவு பயன்படுத்தியது? அந்தக் கம்பிக்கு யார் எவ்வளவு வாடகை தர வேண்டும்? வழியில் சூடாகி வீணானது யார் தலையில்? மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-ல் இதற்கென்று விதிகள் போட்டது. 2020-ல் அவற்றை மாற்றி எழுதியது. இயற்கை தனியாகப் பிரித்துத் தராத ஒன்றை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் பங்கு போட வேண்டியிருக்கிறது.

*

இனி எண்ணூருக்குப் போவோம். கம்பியை விட்டுவிட்டுப் புகையைப் பாருங்கள்.

இந்திய நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறார்கள். தப்பித்த நுண்துகள் புகைபோக்கி வழியாக மேலே போகிறது. பிடித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பி, செப்பாக்கம் பக்கம் உள்ள சாம்பல் குளத்தில் கொட்டினார்கள். குழாய் கசிந்து கசிந்து, கொசஸ்தலையாறு கடலைத் தொடும் எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் மேடு தட்டியது. காட்டுக்குப்பத்து மீனவர்கள் இறாலைத் தடவிப் பிடித்த இடத்தில் சாம்பல் சேறு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

காற்றில் கலக்கும் துகளும், பெரும்பாலும், நம் தேற்றத்துக்குக் கட்டுப்படும் சரக்குதான். ஒரு புகைபோக்கி ஒரு தெருவில் எவ்வளவு தூசியைச் சேர்க்கிறது, அடுத்தது எவ்வளவு சேர்க்கிறது என்று தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டலாம். காற்று மாசுக்கான கம்ப்யூட்டர் கணக்குகளும் இப்படித்தான் கூட்டுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு வரம்பு போட்டது. புகைபோக்கியிலிருந்து வரும் ஒரு கன மீட்டர் காற்றில், 2003-க்குள் கட்டிய பழைய யூனிட்டாக இருந்தால் 100 மில்லிகிராம் தூசி வரை போகலாம். 2004-லிருந்து 2016-க்குள் என்றால் 50. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு 30. வடசென்னை நிலையத்தின் மூன்று கட்டங்களும் இந்த மூன்று படிகளில் ஆளுக்கொன்றில் உட்காருகின்றன.

நல்ல சட்டம்தான். ஆனால் கவனியுங்கள், இந்த வரம்பு ஒரு புகைபோக்கிக்கு. பக்கத்தில் இன்னும் எத்தனை நிற்கின்றன என்று அது கேட்பதில்லை. ஒன்று நின்றாலும் அதே எண், ஒன்பது யூனிட் வரிசைகட்டி நின்றாலும் அதே எண். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அறிக்கை, தனி அனுமதி. ஒவ்வொருவரும் ‘நான் என் வரம்புக்குள்தான் இருக்கிறேன்’ என்று காகிதத்தைக் காட்டலாம். அந்தக் காகிதம் உண்மையாகவும் இருக்கலாம்.

மூச்சு விடுகிறவருக்கு வேறொரு எண் இருக்கிறது. சுவாசிக்கும் காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். எர்ணாவூரில் தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கு, ‘இது முதல் கட்டத்துத் தூசி, இது வள்ளூர்த் தூசி, இது மணலி சுத்திகரிப்பு ஆலை, இது கன்டெய்னர் லாரி’ என்று பிரித்துப் பார்க்காது. அதற்குள் போவது கூட்டுத்தொகை மட்டுமே.

இடத்தை மாற்றினாலும் கூட்டல் விடாது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது இறக்குவதால் ராயபுரம், ராயபுரத்தை ஒட்டிய பகுதிகளெல்லாம் கருந்தூசி படிந்து கிடந்தன. உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2011-ல் அந்தச் சரக்குகள் அங்கிருந்து நிறுத்தப்பட்டு எண்ணூருக்குப் போயின. ராயபுரம் கொஞ்சம் மூச்சு விட்டது. பேரேட்டில் ஒரு பக்கத்தில் இருந்த பற்று இன்னொரு பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தது.

2017-ல் ஓர் அபூர்வம் நடந்தது. எண்ணூர்ப் பழைய நிலையம் மூடப்பட்டபோது, தேற்றத்தில் காகிதத்தில் மட்டும் செய்வதை, அதாவது ஒரு மூலத்தை அணைத்துப் பார்ப்பதை, நிஜத்திலேயே செய்தார்கள். ஆனால் அதே இடத்தில் 660 மெகாவாட்டில் புது யூனிட் என்ற திட்டமும் கூடவே இருந்தது. 2024 டிசம்பரில் அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தபோது, அந்தப் பகுதி ஜனங்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள்.

அவர்கள் யாரும் ஹெல்ம்ஹோல்ட்ஸைப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் கேட்டது அவருடைய கணக்கின் கடைசி வரியைத்தான். ‘இது எவ்வளவு புகை விடும்னு சொல்றீங்க, சரி. ஏற்கெனவே இருக்கிறதோட சேர்த்தா எவ்வளவுன்னு சொல்லுங்க.’ அவரவர் வார்த்தையில் அவரவர் சொன்னாலும், சாராம்சம் இதுதான்.

மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? சுவிட்சைத் தட்டினால் எரிகிற விளக்குக்கு நாம் எல்லோரும்தான் பொறுப்பு. ஆழ்வார்பேட்டையில் ஏ.சி. ஓடுகிறது, அண்ணா நகரில் கிரைண்டர் ஓடுகிறது, சாம்பல் மட்டும் எண்ணூரில் விழுகிறது. வெளிச்சத்தை ஊர் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டோம். சாம்பலை அப்படிப் பங்கு போடவில்லை.

ஒரு இரும்பு பிரேக்கர் வெடித்துவிடக் கூடாதே என்பதற்காக, எல்லா நிலையங்களின் கரண்டையும் கூட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒழுங்கு அதே மின்துறையிடம் இருக்கிறது. அந்த ஒழுங்கை நுரையீரலுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் என்ன தப்பு?

சூப்பர்பொசிஷன் கணக்கில் பாதி வரை சரியாகப் போட்டுவிட்டு, கூட்டாமல் பேப்பரை நீட்டும் மாணவனுக்கு எட்டுக்கு நாலு மார்க் போடுவார் வாத்தியார். அடுத்த தடவை வடசென்னையில் புதுத் திட்டம் என்று ஓர் அறிக்கை வந்தால், கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், நாலு மார்க்குக்கு மேல் போடாதீர்கள்.